முதல் மூச்சுக்கு முன்னால்

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாதத்தில் பிறந்தது பிழைக்காது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையிலும் இதைக் கேட்கலாம். தமிழ்நாட்டின் வேறு எந்த மூலையிலும் கேட்கலாம். நம் பாட்டிமார் மட்டும் சொன்னதல்ல இது. ஹிப்பாகிரட்டஸின் பெயரால் வழங்கும் பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களில், எட்டு மாதக் குழந்தையைப் பற்றியே தனியாக ஒரு நூல் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, கடல் கடந்த இரு நாட்டாரும் ஒரே தவற்றை நம்பி வந்திருக்கிறார்கள்!

ஆம், தவறுதான். கருப்பையில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. 'பத்து மாதம் சுமந்து பெற்றாள்' என்று நாம் சொல்வது நான்கு வாரத்தை ஒரு மாதமாகக் கொண்ட கணக்கு. மொத்தம் 40 வாரம். அந்தக் கணக்கில் ஏழு மாதம் என்பது 28 வாரம், எட்டு மாதம் என்பது 32 வாரம். 28 வாரத்தில் பிறந்த குழந்தையைவிட 32 வாரத்தில் பிறந்த குழந்தை பிழைப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். காரணம், பெரும்பாலும் நுரையீரல்தான். இதயம் நான்காம் வாரத்திலேயே துடிக்கத் தொடங்கிவிடுகிறது. சிறுநீரகமும் ஈரலும் கருப்பையிலேயே ஓரளவு வேலை பழகிக்கொள்கின்றன. நுரையீரலுக்கோ பிறக்கும்வரை மூச்சு வாங்கும் வேலை இல்லை. பிறந்த சில விநாடிகளில் அது முழுத் தேர்ச்சியுடன் வேலையைத் தொடங்கியாக வேண்டும். காற்றோடு ஒத்திகை பார்க்க வழியில்லாத நாடகம்!

அந்த நாடகத்தை எழுதி வைப்பவை மரபணுக்கள். எப்படி எழுதுகின்றன என்று கண்டுபிடித்த கதைக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை.

அடங்கலா, நீர்முறையா?

முதலில் நுரையீரலின் அமைப்பைப் பார்ப்போம். குற்றாலத்து அருவியாக விழும் சிற்றாற்றில் அணைக்கட்டுகள் உண்டு. அங்கிருந்து கால்வாய் பிரிந்து குளத்தில் விழும். குளத்து மடையிலிருந்து வாய்க்கால். வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால். அதிலிருந்து வயலுக்கு வயல் தண்ணீர். நம் மூச்சுக்குழலும் இவ்வாறே பிரிகிறது. இரண்டாக, நான்காக, எட்டாக என்று ஏறக்குறைய 23 முறை கிளைத்து, கடைசியில் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. வளர்ந்த மனிதனுக்கு அத்தகைய அறைகள் 30 கோடியிலிருந்து 50 கோடி வரை இருக்கும். இவை அனைத்தும், கரு உருவான நான்காம் வாரத்தில் உணவுக்குழலின் முன்சுவரிலிருந்து அரும்பும் ஒரே ஒரு மொட்டிலிருந்து தோன்றியவை!

இங்கே ஒரு கணக்கு உதைக்கிறது. மனிதனிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000 தான். அவை உடல் முழுமைக்கும் பொது. கிளைக்கு ஒரு மரபணு என்று ஒதுக்கினால் நுரையீரலின் ஒரு மூலைக்குக்கூடப் போதாது. ஆகவே கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் வயல் வயலாகக் கணக்கு இருப்பதுபோல், ஒவ்வொரு கிளைக்கும் மரபணுக்களில் தனிக் குறிப்பு இருக்க முடியாது. அப்படியானால் எங்கே பிரிய வேண்டும் என்று குழாய்க்குச் சொல்வது யார்?

1962-ஆம் ஆண்டில் அலெசியோ, கசீனி என்ற இரு இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு நுட்பமான சோதனை செய்தார்கள். எலிக் கருவின் நுரையீரலில் உள்ளே குழாய். அதைச் சுற்றி மென்மையான இணைப்புத் திசு. கிளை விடும் நுனியைச் சுற்றியிருந்த திசுவில் ஒரு துணுக்கை எடுத்து, ஒருபோதும் கிளைக்காத பெரிய மூச்சுக்குழலின் பக்கவாட்டில் ஒட்ட வைத்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? மூச்சுக்குழல் அந்த இடத்தில் புதிதாக ஒரு மொட்டு விட்டது! கட்டளை வெளியே இருக்கும் திசுவிலிருந்து வருகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. கட்டளை என்ன பொருள் என்பது மட்டும் அடுத்த முப்பது ஆண்டுக்கு மேல் பிடிபடவில்லை.

பிடிகொடுத்தது ஓர் ஈ. அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு பழ ஈக்கு நுரையீரல் கிடையாது. ஆனால் உடலெங்கும் கிளைத்து ஓடும் காற்றுக் குழாய்கள் உண்டு. 1996-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிராஸ்னோவின் குழுவினர், ஒரு மரபணு கெட்டுப்போன ஈக்கருவில் காற்றுக் குழாய்கள் கிளைக்கவே இல்லை என்று கண்டார்கள். அந்த மரபணுவுக்குக் 'கிளையில்லாதது' என்று பொருள்படும் பெயரையே சூட்டினார்கள். அது செய்யும் புரதம், எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று குழாய் நுனியை அழைக்கும் சைகை. பாலூட்டிகளிலும் அதே குடும்பத்து மரபணுக்கள் உண்டு. அவற்றுள் பத்தாவதான எஃப்.ஜி.எஃப்.10 என்பதை நீக்கிய சுண்டெலிகளை 1998, 1999 ஆண்டுகளில் இரண்டு குழுவினர் தனித்தனியே உருவாக்கினர். அக்குட்டிகளுக்கு மூச்சுக்குழல் இருந்தது. அதன் கீழே நுரையீரல் இல்லை. கால்களும் இல்லை! காலுக்கும் நுரையீரலுக்கும் ஒரே சைகையைப் பயன்படுத்துகிறது இயற்கை. இதைவிடச் சிக்கனம் வேண்டுமா?

அழைப்பு மட்டும் இருந்தால் குழாய் நீண்டுகொண்டே போகும். இரண்டாகப் பிரிவதற்குத் தடுப்பும் வேண்டும். குழாயின் நுனி வெளியிடும் மற்றொரு புரதம், தனக்கு நேர் எதிரே இருக்கும் திசுவில் அழைப்பை அடக்கிவிடுகிறது. நடுவில் அடங்கிய அழைப்பு இரு பக்கங்களிலும் மிஞ்சி நிற்பதால், நுனி இரண்டாகப் பிரிந்து இரு திசைகளில் வளர்கிறது. பிறகு மறுபடியும் அழைப்பு, மறுபடியும் தடுப்பு. நீர்பாய்ச்சுபவர் ஒரு மடையைத் திறந்து இன்னொன்றை அடைக்கும் முறைநீர் போலத்தான். அடங்கலில் எழுதிய கணக்கு இல்லை. திரும்பத் திரும்பச் செய்யும் முறை ஒன்றே உண்டு.

தடுக்கும் இந்த மரபணுவின் பெயர் வேடிக்கையானது. 1980-இல் நியூஸ்லைன்-வோல்ஹார்டும் வீஷாஸும் ஈயில் கண்ட ஒரு மரபணு, கெட்டால் ஈப்புழுவின் உடலெங்கும் முள் முளைத்ததால், 'முள்ளெலி' ஆயிற்று. பாலூட்டிகளில் அதன் உறவினர் ஒருவருக்குச் சிறுவர் வீடியோ விளையாட்டில் வரும் சோனிக் என்ற முள்ளெலியின் பெயரை வைத்துவிட்டார்கள். நம் தென் மாவட்டத்து வறண்ட நிலங்களிலும் முள்ளெலி உண்டு. அதன் முள்ளும் தோலும் கக்குவான் இருமலுக்கு மருந்து என்று நம்பி அதைப் பிடிப்பவர்களும் உண்டு. அந்த மருந்தால் இருமல் போகாது, முள்ளெலிதான் போய்விடும். நுரையீரலுக்கு உதவும் 'முள்ளெலி' நம் உடலுக்குள்ளேயே இருக்கிறது.

நனைந்த வேட்டி

பதினேழாம் வாரத்துக்குள் காற்றுக் குழாய்களின் கிளைகள் அமைந்துவிடுகின்றன. அதன் பிறகு நுனிகளில் மெல்லிய சுவருடைய பைகள் உண்டாகின்றன. பை இருந்தால் போதுமா? போதாது.

குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு ஒன்று தெரியும். நனைந்த வேட்டியின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிரிக்க இழுக்க வேண்டும். தண்ணீரின் பரப்பு இழுவிசைதான் அப்படி ஒட்டவைக்கிறது. நுரையீரலின் நுண்ணறைகளும் உட்புறம் ஈரமானவை. ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் அவை சுருங்கி ஒட்டிக்கொள்ள முனைகின்றன. ஒட்டிய கோடிக்கணக்கான அறைகளை மூச்சுக்கு மூச்சு பிரித்தெடுக்கும் வலிமை எந்தக் குழந்தைக்கு உண்டு?

1929-இல் சுவிட்சர்லாந்தில் குர்ட் வான் நீர்கார்டு என்ற மருத்துவர், பன்றியின் நுரையீரலைக் காற்றால் விரிப்பதைவிடத் திரவத்தால் விரிப்பது எளிது என்று கண்டார். திரவம் நிரம்பினால் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு இல்லை. ஆகவே இழுவிசையும் இல்லை. பிறந்த குழந்தையின் மூச்சுத் திணறலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் எழுதினார். யாரும் கவனிக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1955-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பாட்டில், நுரையீரல் நுரையின் குமிழிகள் உடையாமல் நிற்பதைக் கண்டு வியந்தார். 1957-இல் அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட்ஸ், அறை சுருங்கச் சுருங்க இழுவிசையைக் குறைக்கும் பொருள் ஒன்று நுரையீரலில் உண்டு என்று அளந்து காட்டினார். இருவரும் தத்தம் நாட்டின் படைத்துறை ஆய்வு நிலையங்களில் நச்சு வாயுவைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள்! கொல்வதற்கான ஆராய்ச்சி, குழந்தைகளைப் பிழைக்கவைக்கும் வழியைக் காட்டியது.

அந்தப் பொருளுக்குச் சர்ஃபாக்டன்ட் என்று பெயர். கொழுப்பும் புரதமும் கலந்தது. நுரையீரலுக்குள் இருக்கும் சோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1959-இல் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவர், ஜெரி மீடு என்பவருடன் சேர்ந்து, மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல்களைச் சோதித்தார். அவற்றில் இந்தப் பொருள் போதுமான அளவு இல்லை. அதுவரை மருத்துவர்கள், இறந்த குழந்தையின் நுரையீரலில் தென்பட்ட கண்ணாடி போன்ற சவ்வே எமன் என்று எண்ணி, அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஏவரியோ, அங்கே இல்லாதது எது என்று கேட்டார்.

காரணம் தெரிந்த பின்னும் மருந்து இல்லை. 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். உலகின் மிகச் சிறந்த மருத்துவர்கள் சூழ இருந்தும், 39 மணி நேரத்தில் அக்குழந்தை இறந்தது.

ஆக்லாந்தின் ஆட்டுக்குட்டி

மருந்துக்கு வழி காட்டியது நியூசிலாந்து. ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவிலிருக்கும் குட்டிக்கு அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனைச் செலுத்தினால், ஆடு முன்னதாகவே ஈன்றது. ஆட்டின் சினைக்காலம் சுமார் 147 நாள். அதற்கு ஒரு மாதம் முன்னதாகப் பிறந்த ஒரு குட்டி, இறந்தே கிடந்திருக்க வேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது! பின்பு அறுத்துப் பார்த்தபோது அதன் நுரையீரல் ஓரளவு காற்றால் விரிந்திருந்தது. 1969-இல் இதை வெளியிட்டவர், குழந்தை மருத்துவர் ராஸ் ஹௌவியுடன் சேர்ந்து தாய்மாரிடமே சோதனை தொடங்கினார். 1972-இல் 282 தாய்மாரின் முடிவுகள் வந்தன. ஊசி போடப்பட்ட தாய்மாரின் குழந்தைகளில் பிறந்த சில நாட்களுக்குள் இறந்தவை 3.2 விழுக்காடு, போடப்படாதவர்களில் 15 விழுக்காடு.

ஊசி என்ன செய்தது? மரபணுக்களை எழுப்பியது. ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்து ஓர் ஏற்பிப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் சென்று, உறங்கும் மரபணுக்கள் பலவற்றை இயக்குகின்றன. சர்ஃபாக்டன்ட் செய்யும் மரபணுக்கள் அவற்றுள் சில. நுண்ணறைகளில் நிறைந்திருக்கும் திரவத்தை உறிஞ்சிக் காற்றுக்கு இடம் செய்யும் மரபணுக்கள் வேறு சில. 1995-இல் அந்த ஏற்பியின் மரபணு இல்லாத சுண்டெலிகளை ஜெர்மனியில் உருவாக்கியபோது, அவை முழுக்காலம் கருவிலிருந்தும் பெரும்பாலானவை நுரையீரல் விரியாமல் பிறந்தவுடனே இறந்தன. இயற்கையாகப் பிறக்கும் குழந்தைக்குக் கடைசி வாரங்களில் அதன் சொந்த அட்ரீனல் சுரப்பியே இந்த ஹார்மோனைத் தருகிறது. தாயின் இரத்தத்தில் அது ஏராளமாக உண்டே, போதாதா என்று கேட்பீர்கள். போதாது; நஞ்சுக்கொடி அதைப் பெருமளவு அழித்துவிடுகிறது. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்ற செயற்கை வகைகளோ அந்தக் காவலைத் தாண்டிக் குழந்தையை அடைகின்றன.

உறவும் மரபணுவும்

எழுப்ப வேண்டிய மரபணுவே பழுதாக இருந்தால்? அப்போது ஊசி பயன்படாது. 1993-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் நோகி முதலியோர், ஒரே பெற்றோருக்கு முழுமாதத்தில் பிறந்தும் மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளை ஆராய்ந்தார்கள். சர்ஃபாக்டன்டின் பி-புரதம் அவர்களிடம் அறவே இல்லை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படியே வந்திருந்தது. ஒரு படி மட்டும் பழுதானவருக்கு ஒன்றும் ஆவதில்லை; இரண்டும் பழுதானால்தான் ஆபத்து. 2004-இல் ஏ.பி.சி.ஏ.3 என்ற மற்றொரு மரபணுவிலும் இதே கதை தெரியவந்தது. இவை மிக அரிய நோய்கள்.

ஆயினும் தமிழர்களாகிய நாம் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தாய்மாமனை மணப்பதும், அத்தை மகனை மணப்பதும் நம்மிடையே வழக்கம். மாமனிடம் ஓர் அரிய பழுது இருந்தால், அதே பழுது அக்காள் மகளிடமும் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் இடையே எட்டில் ஒன்று. உறவில்லாத இருவரிடம் ஒரே அரிய பழுது சந்திப்பது இதைவிட எத்தனையோ மடங்கு அரிது.

இந்த வழக்கத்தை ஆராயத் தூண்டியவர்களில் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து, பின்னர் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த மரபியல் மேதை அவர். அவருடைய தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேனோ மூச்சைப் பற்றிய ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். மகன் சிறுவனாக இருந்தபோது, சுரங்கத்தின் கூரையோரம் தேங்கிய வாயுவில் அவனை நிற்கவைத்து ஷேக்ஸ்பியர் வசனத்தைச் சொல்லச் சொன்னாராம். பையன் பாதியில் மூச்சுத் திணறிச் சரிந்தானாம். மூச்சும் மரபணுவும் ஒரே வீட்டில் வளர்ந்த கதை இது! ஹால்டேனின் மாணவர் துரோணம்ராஜு ஆந்திரத்தில் உறவுத் திருமணங்களை ஆராய்ந்தார். தமிழ்நாட்டில் 1970-களில் பி.எஸ்.எஸ். ராவ், எஸ்.ஜி. இன்பராஜ் இருவரும் வேலூர்ப் பகுதியில் பெரிய அளவில் கணக்கெடுத்தார்கள். கிராமத்தில் ஏறக்குறையப் பாதித் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. ஆனால் கருச்சிதைவிலும் குழந்தை இறப்பிலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை! தலைமுறை தலைமுறையாக உறவில் மணந்ததால் கொடிய பழுதுகள் பலவும் முன்பே கழிந்துபோயிருக்கலாம் என்று விளக்கம் கூறப்பட்டது.

இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான பிறப்புகளின் சராசரியில், இலட்சத்தில் ஒன்றாக வரும் நோய் கண்ணில் படாது. அந்த ஒன்று நேர்ந்த வீட்டுக்குச் சராசரி ஆறுதல் தராது. முழுமாதக் குழந்தை ஒன்று காரணம் தெரியாமல் மூச்சுத் திணறி இறந்த குடும்பம், அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது.

ஓர் ஊசியின் பயணம்

லிகின்ஸின் ஊசிக்குத் திரும்புவோம். 1972-இல் முடிவு தெரிந்ததல்லவா? அடுத்த ஆண்டே உலகெங்கும் பரவியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. ஹார்மோன் கெடுதல் செய்யுமோ என்ற அச்சம், ஒவ்வொரு சோதனையும் சிறியதாக இருந்தது, வேறு சிகிச்சைகள் வந்துகொண்டிருந்தது என்று பல காரணங்கள். 1980-இல் ஜப்பானில் தெத்சுரோ புஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார். அது 1990 வாக்கில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆனால் விலை அதிகம். தாய்க்குப் போடும் ஊசியோ மலிவு. சிதறிக் கிடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட பிறகே ஐயம் தீர்ந்தது. 1993-இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் உள்ள கோடுகள், இந்த ஊசியைப் பற்றிய ஏழு சோதனைகளின் முடிவுகளே. 1994-இல் அமெரிக்க வல்லுநர் குழு பரிந்துரைத்தது. இருபத்திரண்டு ஆண்டு தாமதம்!

இந்திய அரசு 2014-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி கண்ட தாய்க்கு டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒருமுறை, நான்கு ஊசி. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்னரே கிராமச் செவிலியர் முதல் ஊசியைப் போடலாம்.

ஆனால் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. இந்தியா உள்பட ஆறு நாடுகளில் ஊர் ஊராக நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2014-இன் இறுதியில் வெளிவந்தது. இந்த ஊசியைப் பரவலாக்கிய ஊர்களில் குழந்தை இறப்பு குறையவில்லை. மொத்தத்தில் சற்றுக் கூடியது, தாய்மாரிடம் தொற்றும் கூடியது. எத்தனை வாரம் என்று சரியாகத் தெரியாமல், குறைமாதப் பிரசவம் ஆகாத பலருக்கும் ஊசி போடப்பட்டிருந்தது. எழுப்ப வேண்டிய நேரத்தில் எழுப்பினால்தானே மரபணுவால் பயன்? உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளின் 29 மருத்துவமனைகளில் மறுபடியும் சோதித்தது. இம்முறை ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதி செய்த பின், 26 வாரம் முதல் 34 வாரத்துக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். 2,852 தாய்மார். 2020-இல் முடிவு வந்தது: ஊசி பெற்றவர்களின் குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவை 19.6 விழுக்காடு, பெறாதவர்களில் 23.5 விழுக்காடு. நன்மை தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே குத்துக்கல்வலசையில் ஒரு கர்ப்பிணிக்கு முப்பதாம் வாரத்தில் வலி எடுத்தால், செவிலியர் முதலில் கேட்கப் போவது கடைசி மாதவிலக்கின் தேதியையும், தொடக்க மாதங்களில் எடுத்த ஸ்கேன் தாளையும்தான். அவற்றை வைத்துத்தான் எத்தனையாவது வாரம் என்று கணக்கிடுவார்கள். 2019-இல் தனி மாவட்டமான தென்காசியின் தலைமை மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப நேர்ந்தால் இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஊசியின் முழுப் பயனும் கிடைக்க ஒரு நாளாவது ஆகும் என்றாலும், மரபணுக்கள் விழித்துக்கொள்ளத் தொடங்குவது சில மணி நேரத்திலேயே. அதாவது, அந்தப் பயணத்தின்போதே.